எங்கே அடி என்பது இரண்டாவது கேள்வி

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மாலை, உளுந்தூர்பேட்டைக்குச் சற்று முன்னால் நான்குவழிச் சாலையில் இரண்டு பைக்குகள் மோதிக்கொண்டன. நான் வந்த பேருந்தை ஓட்டுநர் ஓரம் கட்டினார். பாதிப் பேர் இறங்கி ஓடினோம். ஒரு தம்பி தார்ச்சாலை விளிம்பில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தான். கால் இருக்கக்கூடாத திசையில் திரும்பியிருந்தது. அவனைச் சுற்றி இருபது பேர். ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறக்கிறார், ஒருவர் காலை இழுத்து நேராக்கப் பார்க்கிறார், ஒருவர் துண்டால் விசிறுகிறார்.

பத்தடி தள்ளி, நடுத்தடுப்பின் அரளிச் செடிகளை ஒட்டி, நாற்பது வயதுக்காரர் ஒருவர் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் யாருமே இல்லை. "அவருக்கு ஒண்ணும் இல்லண்ணா. ரத்தமே வரல. மயக்கத்துல நல்லா குறட்டை விட்டுத் தூங்குறாரு" என்றார் ஒருவர்.

அந்தக் குறட்டையைக் கேட்டுத்தான் நான் அவரிடம் ஓடினேன். அடிபட்டு மயங்கியவர் குறட்டை விட்டால் அது தூக்கம் இல்லை. தளர்ந்துபோன நாக்கு பின்னால் சரிந்து தொண்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருக்கிறது; மீதிச் சந்து வழியாக மூச்சு திணறிப் போய்வருகிறது என்று அர்த்தம். அவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரண்டு காதுக்கும் கீழே தாடை மடங்கும் மூலையில் விரல்களை வைத்து, தாடையை மேலே தூக்கினேன். குறட்டை பட்டென்று நின்றது. காற்று சத்தமில்லாமல் உள்ளே போனது. அவ்வளவுதான் வேலை. அதற்குப் படிப்பும் வேண்டாம், கருவியும் வேண்டாம்.

முதலுதவி வகுப்பு எடுப்பவன் நான். கல்லூரி மாணவர்கள், வேன் ஓட்டுநர்கள், ஆலைத் தொழிலாளர்கள் என்று எந்தக் கூட்டத்தில் கேட்டாலும், "விபத்தில் அடிபட்டவரைப் பரிசோதிப்பது என்றால் என்ன?" என்ற கேள்விக்கு ஒரே பதில்தான் வருகிறது: எங்கே அடிபட்டிருக்கிறது என்று பார்ப்பது. அந்த இருபது பேரும் அதைத்தான் செய்தார்கள். நல்ல மனசோடு தவறான ஆளிடம் நின்றார்கள். இந்தக் கட்டுரை அந்தத் தவறான புரிதலைப் பற்றியதுதான்.

## அடுப்பில் பால், வாசலில் பெல்

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது. வாசலில் கூரியர்காரர் விடாமல் பெல் அடிக்கிறார். தவழும் குழந்தை சத்தமே இல்லாமல் மாடிப்படி விளிம்புக்குப் போய்விட்டது. நீங்கள் எங்கே ஓடுவீர்கள்? யாரும் யோசிப்பதில்லை, குழந்தையிடம்தான். பெல்தான் அதிகச் சத்தம், ஆனால் அது காத்திருக்கும். பால் பொங்கினால் அடுப்பைத் துடைத்துக்கொள்ளலாம்.

விபத்து இடத்திலும் வேண்டியது இதே கணக்கு. எது முதலில் உயிரைப் பறிக்கும்? அதை முதலில் பார், அதை முதலில் சரிசெய், பிறகு அடுத்ததற்குப் போ. உடைந்த கால் மணிக்கணக்கில் காத்திருக்கும். அடைத்த தொண்டை நான்கைந்து நிமிடம்கூடக் காத்திருக்காது. இப்படி உயிருக்கு ஆபத்தானவற்றை மட்டும் ஒரு வரிசையில் தேடுவதற்கு முதல் சோதனை என்று பெயர். அதில் எதுவும் இல்லை, அல்லது இருந்ததைக் கட்டுக்குள் கொண்டுவந்தாயிற்று என்ற பிறகு, தலை முதல் கால் வரை நிதானமாகப் பார்ப்பது இரண்டாம் சோதனை. "எங்கே அடி?" என்ற கேள்வி இந்த இரண்டாவதில்தான் வருகிறது.

இப்போது உலகம் முழுக்க மருத்துவர்கள் கற்கும் வரிசை உருவான கதை வேதனையானது. 1976 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிவந்த சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். நான்கு குழந்தைகளில் மூவருக்குக் கடுமையான காயம், அவருக்கும் காயம். இருட்டில், குளிரில், தன் பிள்ளைகளை அவரே பார்த்துக் காப்பாற்றி, சாலையில் போன காரை நிறுத்தி, சிறிய மருத்துவமனை ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே கிடைத்த கவனிப்பு, வெறுங்கையோடு வயலில் தான் செய்ததைவிட மோசமாக இருந்ததாக உணர்ந்தார். எல்லாருக்கும் பொதுவான ஓர் ஒழுங்கு இல்லாததுதான் குறை என்று சக மருத்துவர்களோடு சேர்ந்து ஒரு பயிற்சியை உருவாக்கினார். 1978இல் முதல் வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதைத் தன் பயிற்சியாக ஏற்றது. ஏ, பி, சி, டி, இ என்ற ஐந்து எழுத்து வரிசை அப்படித்தான் பரவியது.

## சம்ப் இல்லாத வீடு

ஏன் இந்த வரிசை? கோடையில் தண்ணீர் லாரியை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். லாரி நிரப்பும் நிலையத்துக்கு ஒரு கேட் இருக்கிறது. உள்ளே நிரப்பும் குழாய் இருக்கிறது. வரிசையாக லாரிகள் ஓடுகின்றன. கடைசியில் உங்கள் வீடு.

மூக்கும் வாயும் தொண்டையும் அந்தக் கேட். நுரையீரல்தான் ஆக்ஸிஜனை நிரப்பும் இடம். ரத்தம் லாரி, இதயம் அதை ஓட்டுகிறது. வீடு என்பது மூளை. கேட் பூட்டியிருந்தால் எத்தனை லாரி இருந்தும் பயனில்லை. கேட் திறந்து, நிரப்பும் குழாய் பழுதானாலும் அதே கதி. இரண்டும் சரி, லாரிகள் வழியிலேயே கவிழ்ந்துவிட்டன என்றால், அதுதான் ரத்த இழப்பு.

மூளை சம்ப் இல்லாத வீடு. ஒரு சொட்டுகூட சேமித்து வைக்காது. ஆக்ஸிஜன் வரத்து நின்ற நான்கு நிமிட வாக்கில் மூளை கெட ஆரம்பித்துவிடும். அதனால்தான் கேட், நிரப்பும் இடம், லாரி, வீடு என்று அதே வரிசையில் போகிறோம்.

## கிட்டே போகும் முன்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் தவிர்க்க முடியாதது. நீங்களும் அடிபட்டால் அங்கே நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடும். வரும் வண்டிகள் உங்களைப் பார்க்குமா? அறுந்த மின்கம்பி கிடக்கிறதா? பெட்ரோல் வாசனை வருகிறதா? பின்னால் ஒருவரை நிறுத்தி வண்டிகளை மெதுவாக்கச் சொல்லுங்கள். இன்னொருவரைக் கையைக் காட்டி, "அண்ணே, நீங்க 108க்கு போன் போடுங்க" என்று அவரிடமே சொல்லுங்கள். "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால், பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கும் சொல்லலாம். கிலோமீட்டர் கல், பக்கத்துச் சுங்கச்சாவடி, எந்த ஊர் பார்த்துப் போகும் பாதை, இவற்றைச் சொன்னால் ஆம்புலன்ஸ் தேடி அலையாது.

நடந்து போகும்போதே வண்டிகளைப் பாருங்கள். வளைந்த ஸ்டீயரிங், உடைந்த ஹெல்மெட், நொறுங்கிய முன்கண்ணாடி எல்லாம் அடியின் வேகத்தைச் சொல்லும். வண்டி அப்படிச் சிதைந்திருந்தால், "எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்று எழுந்து நிற்பவரையும் நம்பிவிடாதீர்கள்.

## பீறிடும் ரத்தம் மட்டும் முந்தும்

ஐந்து எழுத்துக்கும் முன்னால் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கை அல்லது காலிலிருந்து ரத்தம் பீறிட்டு அடிக்கிறது, துணி நிமிடத்தில் நனைந்து தரையில் தேங்குகிறது என்றால், மற்ற எல்லாவற்றையும் விட்டு அதை அழுத்துங்கள். இப்போதைய பயிற்சிகள் பலவும் இதை முதல் படியாகவே சேர்த்துவிட்டன.

அழுத்துவது என்றால் துண்டைச் சுற்றிக் கட்டுவது இல்லை. துணியை மடித்துக் காயத்தின் மேலேயே வைத்து, முழங்கை மடங்காமல், உங்கள் உடல் எடை இறங்கும்படி உள்ளங்கையால் அழுத்துவது. நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்கக்கூடாது. உறையத் தொடங்கியது கலைந்துவிடும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று. காப்பித்தூள், மஞ்சள்தூள், எரித்த துணிச் சாம்பல் எதுவும் வேண்டாம். அப்படி அழுத்தியும் கை காலில் ரத்தம் நிற்கவே இல்லை என்றால் மட்டும், காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மெல்லிய கயிறு சதையை அறுத்துவிடும்.

## ஏ: கேட் திறந்திருக்கிறதா

ஏர்வே என்பது காற்றுப் பாதை. அதைச் சோதிக்க உலகிலேயே எளிய வழி பேச்சுக் கொடுப்பது. "அண்ணே, உங்க பேர் என்ன? எந்த ஊரு?" அவர் ஒரு முழு வாக்கியத்தில் பதில் சொன்னால், ஐந்து வினாடியில் உங்களுக்கு மூன்று தகவல் கிடைத்துவிட்டது: பாதை திறந்திருக்கிறது, மூச்சு போதுமான அளவு போகிறது, மூளைக்கு ரத்தம் எட்டுகிறது. அலறும் தம்பிக்கு இந்தப் பரிசோதனை தானாகவே முடிந்துவிட்டது. அலறுவதற்குக் காற்று வேண்டும்.

பதில் வரவில்லை என்றால் காதை வாயருகே கொண்டுபோங்கள். குறட்டை என்றால் நாக்கு. கொப்பளிப்பது போன்ற சத்தம் என்றால் ரத்தமோ வாந்தியோ தேங்கியிருக்கிறது. உள்ளிழுக்கும்போது கீச்சென்ற சத்தம் என்றால் தொண்டை குறுகிவிட்டது. சத்தமே இல்லை, நெஞ்சு மட்டும் இழுத்து இழுத்து அசைகிறது என்றால் முழு அடைப்பு.

நாக்குக்குத் தாடையைத் தூக்கும் முறை. கழுத்தைத் திருப்பாமல் தாடையை மட்டும் நகர்த்துவதுதான் அதன் சிறப்பு. வேகமான விபத்தில் கழுத்தெலும்பு உடைந்திருக்கலாம், உள்ளே தண்டுவடம் போகிறது. அதனால் ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து இரண்டு கையாலும் தலையை அசையாமல் பிடித்துக்கொள்வது நல்லது. வாயில் கண்ணுக்குத் தெரியும் பல்செட், வெற்றிலைச் சக்கை இருந்தால் எடுத்துவிடுங்கள். தெரியாததை விரலால் துழாவினால் இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். வாந்தி வந்தால் தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே கட்டையாகத் திரும்பும்படி இரண்டு மூன்று பேர் சேர்ந்து பக்கவாட்டில் உருட்டுங்கள்.

ஹெல்மெட்டை உடனே கழற்றுவது நம் ஊரில் ஒரு பழக்கமாகிவிட்டது. மூச்சு நன்றாக இருந்தால் அப்படியே விடுங்கள், கண்ணாடியை மட்டும் தூக்கினால் போதும். மூச்சு அடைக்கிறது, வேறு வழியில்லை என்றால் இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கழுத்தையும் தாடையையும் கீழிருந்து தாங்க, மற்றவர் ஹெல்மெட்டின் இரு பக்கத்தையும் விரித்து மெதுவாக உருவ வேண்டும். கழுத்தா மூச்சா என்று கேள்வி வந்தால் மூச்சுதான் முதலில்.

## பி: நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறுகிறதா

பிரீதிங், அதாவது மூச்சு. பாதை திறந்திருந்தும் நுரையீரல் வேலை செய்யாமல் இருக்கலாம். சட்டையைத் திறந்து நெஞ்சைப் பாருங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு இயல்பு. 30ஐத் தாண்டினாலோ 10க்குக் கீழே போனாலோ ஆபத்து. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும்.

எண்ணிக்கையோடு இன்னொன்றும் பாருங்கள்: நெஞ்சு இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறதா? உடைந்த விலா எலும்பு நுரையீரலைக் கிழித்தால், கிழிசல் சைக்கிள் டியூப் வால்வு மாதிரி வேலை செய்யும். காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் வரும், வெளியே போகாது. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே அழுத்தம் ஏறி, நுரையீரல் சுருங்கி, கடைசியில் இதயத்தையே நெருக்கும். இதற்கு மருத்துவர் ஊசி போட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். நாம் செய்ய ஒன்றுமில்லை. ஆனால் "ஒரு பக்கம் நெஞ்சு ஏறவே இல்லை, மூச்சு வாங்குகிறது" என்று 108க்குச் சொல்ல முடியும். அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம்.

மூச்சே இல்லை, அல்லது மீன் வாயைத் திறப்பது போல எப்போதாவது ஒருமுறை வாய் திறக்கிறது என்றால் அது மூச்சுக் கணக்கில் சேராது. நெஞ்சை அழுத்தும் சிபிஆர் தொடங்க வேண்டும். அது தனி வகுப்பு.

இதுவரை பார்த்ததைத் தொகுத்துக்கொள்வோம். இடம் பாதுகாப்பா என்று பார்த்தோம், பீறிடும் ரத்தத்தை அழுத்தினோம், பேச்சுக் கொடுத்துப் பாதையைச் சோதித்தோம், நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணினோம். பழகியவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

## சி: கண்ணுக்குத் தெரியாத ரத்தம்

சர்குலேஷன் என்பது ரத்த ஓட்டம். இங்கேதான் அதிகமான உயிர்கள் ஏமாற்றப்படுகின்றன என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

முதலில் ஷாக் என்ற சொல். நாம் இதை இரண்டு அர்த்தத்தில் பேசுகிறோம்: கரண்ட் ஷாக், அப்புறம் மன அதிர்ச்சி. "பயத்துல ஷாக் ஆயிட்டாரு, சோடா குடுங்க" என்பது ஒவ்வொரு விபத்திலும் கேட்கும் குரல். மருத்துவத்தில் ஷாக் என்றால் அது இரண்டும் இல்லை. உடலின் உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போய்ச் சேராத நிலை. பயத்தில் வெளுத்திருக்கிறார் என்று நீங்கள் நினைக்கும் மனிதர், வயிற்றுக்குள் ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவராக இருக்கலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் சுமார் 4 லிட்டர் ரத்தம் இருக்கும். நான்கு பெரிய தண்ணீர் பாட்டில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏறக்குறைய ஒரு பாட்டில் போகும் வரை உடல் சமாளித்துக்கொள்ளும். இதயம் வேகமாக அடிக்கும். தோலுக்கும் கை காலுக்கும் போகும் குழாய்கள் சுருங்கி, இருக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பும். அதனால்தான் கை சில்லிட்டுப் போகிறது, முகம் வெளுக்கிறது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை கோக்கிறது. இந்தக் கட்டத்தில் பிரஷர் அளந்தால் பெரும்பாலும் சரியாகவே காட்டும். மொத்தத்தில் 30 சதவீதம் அளவுக்கு இழந்த பிறகுதான் பிரஷர் இறங்குகிறது. வீட்டுச் செலவுக்கு நகையை அடகுவைத்துச் சமாளிக்கும் குடும்பம் மாதிரி: வெளியே எல்லாம் சரியாகத் தெரியும், நகை தீர்ந்த மாதம் ஒரேயடியாகக் குடும்பம் விழும். "பிரஷர் நார்மலா இருக்கு" என்ற வாக்கியம் அடிபட்டவரைப் பொறுத்தவரை ஆறுதல் தரக்கூடிய ஒன்று அல்ல.

எனவே பிரஷர் கருவி இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கம் இரண்டு விரலை வைத்து நாடியைப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் பெரியவருக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 இயல்பு. வலியிலும் பயத்திலும் கொஞ்சம் ஏறும்தான். ஆனால் நூலிழை மாதிரி மெலிந்து, வேகமாக ஓடும் நாடியோடு கையும் சில்லென்று ஈரமாக இருந்தால், எங்கோ ரத்தம் போகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் 2 வினாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: பிரஷருக்கும் இதயத்துக்கும் மாத்திரை சாப்பிடும் பெரியவர்களில் சிலருக்கு, எவ்வளவு ரத்தம் போனாலும் நாடி வேகம் பிடிக்காது. மாத்திரையே இதயத்தை அடக்கி வைத்திருக்கும்.

ரத்தம் எங்கே போகும்? பயிற்சியில் ஒரு வாய்ப்பாடு சொல்வோம்: தரையில் ஒன்று, உள்ளே நான்கு. தரையில் கொட்டுவது தெரியும். உள்ளே இருக்கும் நான்கு இடங்கள் நெஞ்சு, வயிறு, இடுப்பெலும்புக் கூடு, தொடை. தொடை எலும்பு முறிந்தால் தோல் கிழியாமலே ஒரு லிட்டருக்கு மேல் தசைக்குள் தேங்கும். இடுப்பு உடைந்தால் அதற்கும் அதிகம். "ரத்தமே வரல" என்று சொன்னவரை நினைத்துப் பாருங்கள். அவர் ஐந்து இடத்தில் ஒன்றை மட்டும்தான் பார்த்திருக்கிறார். இடுப்பை அசைத்து, ஆட்டிச் சோதிக்காதீர்கள், உறைந்துகொண்டிருப்பது உடையும்.

அப்புறம் தண்ணீர். தாகம் ரத்த இழப்பின் அடையாளம். அவர் கெஞ்சிக் கேட்பார், மறுப்பது கல்மனசாகத் தோன்றும். ஆனால் நினைவு குறைந்தால் அதே தண்ணீர் வாந்தியாகி மூச்சுக்குழலில் இறங்கும்; மயக்க மருந்து கொடுத்து அறுவைச் சிகிச்சை செய்வதும் ஆபத்தாகும். உதட்டை நனைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருங்கள்.

## டி: விழிப்பு எந்தப் படியில்

டிஸெபிலிட்டி என்ற சொல் இங்கே மூளையின் நிலையைக் குறிக்கிறது. 1974இல் கிளாஸ்கோ நகரத்தில் டீஸ்டேல், ஜென்னட் என்ற இரு மருத்துவர்கள் விழிப்பை அளக்கும் அளவுகோல் ஒன்றை வகுத்தார்கள். 3 முதல் 15 வரை எண் கொடுத்து, மருத்துவமனைகளில் இப்போது அதுதான் புழங்குகிறது. சாலையில் நமக்கு நான்கு படி போதும். தானாக விழித்திருக்கிறாரா? இல்லை, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? இல்லை, தோளை அழுத்திக் கிள்ளினால் மட்டும் அசைகிறாரா? எதற்குமே அசைவில்லையா? எந்தப் படி என்பதைவிட, படி இறங்குகிறதா என்பதுதான் முக்கியம். பத்து நிமிடம் முன்பு பேர் சொன்னவர் இப்போது கூப்பிட்டால் முனகுகிறார் என்றால், அது அவசரத்திலும் அவசரம்.

தலையில் அடிபட்டவர் எழுந்து உட்கார்ந்து, நன்றாகப் பேசி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்து, விடிவதற்குள் இறந்த கதை எல்லா ஊரிலும் உண்டு. அதில் விதியும் இல்லை, கண்ணேறும் இல்லை. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ஒரு ரத்தக்குழாய் கிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் சேர்ந்து மூளையை நெருக்கியிருக்கும். அது சேரும் வரை ஆள் தெளிவாகவே இருப்பார். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கம் தூக்கமாக வருவது, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருப்பது, இதில் எது இருந்தாலும் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்றை மனம் நொந்து சொல்கிறேன். "குடிச்சிருக்கான் சார், விடுங்க." குடித்தவருக்கும் மண்டை உடையும். உளறல், தள்ளாட்டம், தூக்கம் எல்லாம் சாராயத்துக்கும் மூளைக் காயத்துக்கும் பொதுவானவை. சர்க்கரை குறைந்தவருக்கும் அதே கோலம்தான். வாசனை வந்தது என்பதற்காக ஒரு மனிதனைச் சோதிக்காமல் விடுவது, நான் பார்த்ததிலேயே மிகக் கொடிய தவறு. வாசனை வந்தாலும் வராவிட்டாலும் தலைக்காயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு பாருங்கள்.

## இ: பார், பிறகு போர்த்து

எக்ஸ்போஷர் என்றால் துணியை விலக்கி மறைந்த காயங்களைப் பார்ப்பது. முதுகுப் பக்கமும் கையை நுழைத்துத் தடவி, கையில் ரத்தம் படுகிறதா என்று பாருங்கள். பெண் என்றால் சுற்றிலும் நான்கு பேர் வெளிப்பக்கம் பார்த்து நின்று சேலையோ துப்பட்டாவோ விரித்து மறைக்கலாம். பார்த்து முடித்ததும் உடனே போர்த்திவிட வேண்டும். நம் ஊர் வெயிலில் குளிரா என்று தோன்றும். ரத்தம் இழந்தவர் சித்திரை மாதத்திலும் குளிர்ந்துபோவார். உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது; உறையாவிட்டால் இன்னும் ரத்தம் போகும்; இன்னும் குளிரும். மயக்கம் தெளிய முகத்தில் தண்ணீர் அடிப்பது இந்தச் சுழலுக்குத்தான் உதவும்.

## நேரம் இருந்தால் இரண்டாம் சோதனை

இந்த ஐந்தும் முடிந்து, ஆம்புலன்ஸ் இன்னும் வரவில்லை என்றால் தலை முதல் கால் வரை தொட்டுப் பாருங்கள். வீங்கிய கால், தோல் உரிந்த முழங்கை எல்லாம் இப்போதுதான். உடைந்த காலை இழுத்து நேராக்காமல், இருந்த நிலையிலேயே இரண்டு பக்கமும் மடித்த துணியோ பையோ வைத்து அசையாமல் தாங்குங்கள். பேச முடிந்தால் கேட்டுவையுங்கள்: என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? சர்க்கரை, வலிப்பு உண்டா? ஊசி மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாதா? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் என்றால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

காய்ச்சல் குழந்தைக்கு ஒருமுறை தெர்மாமீட்டர் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்வதில்லை அல்லவா? இங்கேயும் ஏ முதல் இ வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

## பலர் அடிபட்டிருந்தால்

பேருந்து கவிழ்ந்தால் ஒவ்வொருவருக்கும் முழுச் சோதனை செய்ய ஆள் இருக்காது. யாரை முதலில் அனுப்புவது என்று பிரிப்பதற்கு ட்ரையாஜ் என்று பெயர். 1983இல் கலிபோர்னியாவில் உருவான ஸ்டார்ட் என்ற முறை இதை மிக எளிமையாக்கியது. "நடக்க முடிந்தவர்கள் அந்தப் புளியமரத்தடிக்கு வாருங்கள்" என்று குரல் கொடுத்தால், வருபவர்கள் பச்சை, அதாவது காத்திருக்கலாம். மீதிப் பேரில், மூச்சு 30ஐத் தாண்டியவர், மணிக்கட்டில் நாடி கிடைக்காதவர், "கையை மடக்குங்க" என்றால் செய்யாதவர், இந்த மூவரில் யாராக இருந்தாலும் சிவப்பு, முதலில் போக வேண்டியவர். மூன்றும் சரியாக இருந்து நடக்க மட்டும் முடியாதவர் மஞ்சள். பாதையைத் திறந்துவிட்டும் மூச்சே வராதவர் கறுப்பு. கொடுமையாகத் தோன்றும், ஆனால் அங்கே ஒருவரோடு நின்றுவிட்டால் காப்பாற்றக்கூடிய மூவர் போய்விடுவார்கள்.

## ஆட்டோவில் ஏற்றலாமா, போலீஸ் கேள்வி வருமா

அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் கோல்டன் ஹவர் என்ற சொல்லை பால்டிமோர் நகரின் ஆடம்ஸ் கவுலி என்ற மருத்துவர் பரப்பினார். சீக்கிரம் சிகிச்சை கிடைத்தால் பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்பது அதன் சாரம். நம் ஊரில் அது "எப்படியாவது தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடு" என்று ஆகிவிட்டது. நான்கு பேர் கை கால் பிடித்துத் தூக்கி, ஆட்டோ சீட்டில் மடித்து உட்காரவைக்கும்போது, தலை முன்னால் தொங்கி மூச்சுப்பாதை அடைபடும். ஆம்புலன்ஸ் வரும் என்றால் அந்த நிமிடங்களைப் பாதையைத் திறந்துவைக்கவும் ரத்தத்தை அழுத்தவும் செலவிடுங்கள். வரவே வழியில்லை என்றால், படுக்கவைக்கக்கூடிய வண்டியில், தலையை ஒருவர் பிடித்தபடி கொண்டுபோங்கள்.

சட்டத்துக்குப் பயந்து ஒதுங்கத் தேவையில்லை. உதவி செய்பவரைப் பாதுகாக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு அதை உறுதிசெய்தது. சாட்சியாக வர வேண்டும் என்றோ பெயர், முகவரி தர வேண்டும் என்றோ உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48 திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. பணம் யார் கட்டுவது என்ற தயக்கமும் வேண்டாம்.

## ஒப்படைப்பது

அன்று உளுந்தூர்பேட்டையில் 108 வந்தபோது நான் அந்த மனிதரின் தாடையை இன்னும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், கை மரத்துப்போயிருந்தது. பேருந்து நடத்துநர் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருந்தார். வண்டியை ஓட்டிவந்தவர், அவர்கள் மொழியில் பைலட், ஸ்ட்ரெச்சரை இறக்க, மருத்துவ உதவியாளர் தங்கை மண்டியிட்டுக் கேட்டார்: "என்ன சார் பார்த்தீங்க?"

"பைக் மோதல், ஹெல்மெட் இல்ல. குறட்டைச் சத்தம் இருந்துச்சு, தாடையைத் தூக்கினதும் சரியாச்சு, விட்டா திரும்ப வருது. மூச்சு 24. நாடி கிடைக்குது, கை சூடா இருக்கு. கூப்பிட்டா பதில் இல்ல, தோளை அழுத்தினா கை அசைக்கிறார். வலது கண் பாப்பா பெருசா இருக்கு. ஆறு பத்துல இருந்து இப்படி."

அவர் ஒரு நொடிகூட வீணாக்காமல் காற்றுப்பாதைக் குழாயை எடுத்து அடிபட்டவர் வாயில் பொருத்திவிட்டு, "சார், இப்ப நீங்க கையை எடுக்கலாம்" என்றார். பிறகு எழுந்து, வண்டிக்குள் இருந்த, காலை அசையாமல் கட்டும் மரப்பலகைகளை எடுத்துக்கொண்டு, கால் உடைந்த தம்பியிடம் போனார். அவன் இன்னும் அலறிக்கொண்டுதான் இருந்தான்.